கடைசிக் கதவுக்கு இந்தப் பக்கம்

நட்சத்திரம்தான். முதலில் திரையில் ஒட்டிய தூசி என்று நினைத்து ஷாலின் நுனியால் துடைத்தேன், போகவில்லை, ஜன்னல் வெயிலில் கண்ணாடியில் என் மூக்குத்தான் பெரிதாகத் தெரிந்தது, பையைத் தூக்கி ஜன்னலை மறைத்து வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூன்று பெயர்கள். மேலே சக்தி, அது நான். நடுவில் பெனி. கீழே ஹெப்சி. ஹெப்சிக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சளாக, கடுகளவுக்கு, ஒரு நட்சத்திரம். பஸ் இப்போதுதான் முத்தையாபுரத்தைத் தாண்டி உப்பளத்துக்கு நடுவே போகிறது, திருச்செந்தூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அந்த ஒரு மணி நேரமும் இதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூடிவிடலாம். மூடினால் உள்ளே நடப்பதெல்லாம் அப்படியே நின்றுவிடும், இந்தக் கையடக்க கேம் பெட்டியின் அழகே அதுதான், கேமில் வருகிற விளக்குக்காரி குதிக்கிற நேரத்தில் மூடினால் அந்தரத்திலேயே நிற்பாள், இரண்டு நாள் கழித்துத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து விழுவாள். எனக்குத்தான் மூடி கிடையாது. மூடினாலும் அந்த மஞ்சள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டில் ரிப்பேர் பார்த்த மிக்ஸியை மடியில் வைத்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “எதுக்கு மக்கா கண்ணக் கெடுத்துக்கிடுத, வெளிய பாத்துட்டு வா, காத்து நல்லா வருதுல்லா” என்றாள். சரி என்று சொன்னேன். என் சரி எனக்கே கேட்கவில்லை. அவள் பாவம், நான் பதிலே சொல்லவில்லை என்று நினைத்திருப்பாள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில் டாக்டர்கூட, “சக்தி, நீ மூச்ச இழுத்துப் பிடிங்கன்னு சொல்றது பேஷண்டுக்குக் கேக்கவே மாட்டேங்குது” என்று சிரிப்பார். ஹாஸ்டல் அறையில் என்னோடு இருக்கிற பெனிக்கு மட்டும் கேட்கும். நான் உதட்டை அசைத்தாலே போதும். இரண்டு வருஷமாக அவளுக்குக் கேட்டது. ஹெப்சி வந்த இந்த மூன்று மாதமாகத்தான், “என்னட்டி? சத்தமாச் சொல்லு” என்று அவளும் கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

நட்சத்திரம் என்றால் முடித்தாயிற்று என்று அர்த்தம். அது எனக்கும் பெனிக்கும் முதல் நாளே தெரியும். பழைய செல்போன் விற்கிற கடையில் இதை வாங்கியபோது கீல் உடைந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது, உள்ளே ஒரே ஒரு கேசட் இருந்தது, அதில் யாரோ ஒருவனுடைய பெயரும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருந்தது, “முடிச்சவன் கேம்மா அது, அழிச்சிட்டுப் புதுசா ஆடுங்க, இல்லன்னா ருசி இருக்காது” என்றார் கடைக்காரர். அழித்தோம். ஆம் என்ற சொல்லின் மேல் என் விரலும் என் விரலின் மேல் பெனியின் விரலும். அப்புறம் இரண்டு வருஷம். கேசட்டுக்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர், நாங்கள் பங்களா என்றுதான் சொல்லுவோம். “பங்களாக்குப் போவமாட்டி?” என்று ஹாஸ்டல் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்பாள் பெனி, வார்டன் அக்காவுக்கு ஏதோ சந்தேகம்கூட வந்தது, எந்தப் பங்களா, யார் பங்களா என்று. ஒரு பெரிய இருண்ட பங்களா, கூரான கோபுரம், வண்ணக் கண்ணாடி உடைந்த ஜன்னல், கையில் விளக்கோடு ஒருத்தி வாசலில் நிற்கிறாள், அவ்வளவுதான் ஆரம்பம். எதற்காக வந்தாள் என்று யாரும் சொல்வதில்லை. முதல் கூடத்திலேயே ஒரு கதவு உயரத்தில் இருக்கும், எட்டாது. எட்டாது என்று தெரிந்தும் பத்துத் தடவை குதிப்போம். அதை விட்டுவிட்டு வேறு வழியில் போய், நூலகத்தில் அழுகிற புத்தகங்களை வெட்டி, கிணற்றில் இறங்கி, ஏழெட்டு நாள் கழித்து, அந்தரத்திலேயே இன்னொரு தடவை குதிக்கிற இரட்டைக் குதி கிடைத்ததும் அந்தக் கதவு ஞாபகம் வரும். யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள். நாமாக, பல் தேய்க்கும்போது, ஐயோ அந்தக் கதவு என்று நினைப்போம். இந்த விளையாட்டை உசத்தி ஆக்குவது அதுதான் என்று நான் சொல்வேன், நம் தலைக்குள்ளேயே ஒரு பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை வேறெங்கோ வைத்திருக்கிறது. எங்கள் தாத்தா கதை சொல்லும்போது ராஜகுமாரனுக்கு ஆறு அறையைத் திறந்து காட்டிவிட்டு ஏழாவது அறை வாசலில் நிறுத்திக் கொட்டாவி விடுவார், அவருக்கு நிஜமாகவே தூக்கம் வந்ததா, இல்லை அறைக்குள் என்ன வைப்பது என்று அவருக்கே தெரியவில்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஏழாவது அறையில் நான் என்னென்னவோ வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கடைசிக் கதவுக்கு முன்னால் நாங்கள் வந்து நின்ற அன்று நான் சொன்னேன், இதை இப்போது திறக்க வேண்டாம் பெனி. சரிட்டி என்றாள். ரெண்டு பேரும் சேர்ந்துதான் திறக்கணும், ஒருத்தி மட்டும் திறக்கக் கூடாது. சத்தியமா. அந்தோணியார் மேல சத்தியமா என்றாள். அவள் உள்ளே ஒரு ராஜா இருப்பான் என்றாள், நான் யாருமே இருக்கமாட்டார்கள் என்றேன். அதற்கப்புறமும் தினமும் பங்களாவுக்குப் போனோம், ஏற்கெனவே போய்வந்த அறைகளிலேயே சும்மா நடந்தோம், விளக்கேற்றினோம். வாரக் கடைசிக்கு ஒரு வாரம் பெட்டி அவளோடு ஊருக்குப் போகும், ஒரு வாரம் என்னோடு. மூன்றாவது இடம் காலியாகவே இருந்தது, அறையில் மூன்றாவது கட்டில் காலியாக இருந்த மாதிரி.

கட்டிலுக்கு ஹெப்சி வந்தாள். சென்டரில் முன்னால் உட்கார்ந்து பெயர் பதிகிற வேலை. சொந்த ஊர் சாயர்புரம். நல்ல பிள்ளைதான், அதுதான் கஷ்டம், அவளிடம் வெறுக்க ஒன்றுமே இல்லை, குளித்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வைப்பாள், என் தலையணை உறையையும் சேர்த்துத் துவைத்துப் போடுவாள், அக்கா அக்கா என்பாள், ஆனால் பெனியைப் பெனி என்பாள். எனக்கு மட்டும் அக்கா. இரண்டே வயசு வித்தியாசம் எங்கள் மூவருக்கும், பெனி என்னைவிட ஆறு மாதம் மூத்தவள்கூட. ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது பார்க்கிறேன், பெட்டி ஹெப்சி கையில், பெனி அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, “குதி, இப்பம் குதி, ஏ மூதி, குதின்னா குதிக்கணும்” என்கிறாள். அந்தத் தாடை. அது என் தோளில் ஒரு குழி பண்ணி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நான் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பேச்சு வந்தது, இந்த கேம் ஏன் இவ்வளவு நல்லா இருக்கு என்று. பெனி பாட்டு என்றாள், அந்த ஆர்மோனியம் மாதிரி வாசிப்பானே, கோயில்ல அருளப்பன் அண்ணன் வாசிக்கத விட நல்லா இருக்கு. நான் கதவுகள் என்றேன், பெனிக்குக் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். ஹெப்சி ஊறுகாயை நக்கிக்கொண்டே, “அதெல்லாம் இல்லக்கா. குதிச்சா நெனச்ச எடத்துல விழுதா, அவ்வளவுதான். மத்த கேம்ல குதிச்சா அது இஷ்டத்துக்கு எங்கயோ போய் விழும். இதுல செத்தாலும் நம்ம தப்பாலதான் சாவோம். அதான் கோவமே வரல, திரும்பவும் போகணும்னு தோணுது” என்றாள். பெனி தொடையில் தட்டினாள், “எட்டி, கரெக்டு! இத்தன நாளா நமக்குத் தோணலையே சக்தி!” நமக்கு. எனக்குத் தோணவில்லைதான். அந்த வாக்கியத்தை நான் மூன்று மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் அது சரி என்று கட்டை விரலுக்குத் தெரிகிறது, குதியின் உச்சியில் ஒரு துளி நேரம் நிற்கிறாளே, அங்கே மனசு மாறினால்கூடத் திரும்பலாம், அந்தத் துளி நேரம் இல்லையென்றால் கோபுரமும் கிடையாது, கதவும் கிடையாது, வாங்கிய வாரமே பெட்டியை மூலையில் போட்டிருப்போம். அவள் சொன்னது சரி. சரியாக இருப்பதை மன்னிக்கத்தான் முடியவில்லை.

“முக்காணி, முக்காணி எறங்கு, ஏ மிக்ஸிக்காரம்மா, நீ ஆத்தூருதான? ஒக்காரு” என்றார் கண்டக்டர். பாலத்தின் மேல் ஆற்றுக் காற்று வந்து என் முடியை வாயில் திணித்தது. வியாழக்கிழமை. வியாழக்கிழமைதான் இது நடந்திருக்க வேண்டும். எனக்கு மட்டும் மதிய ஷிப்ட், அவர்கள் இரண்டு பேரும் நாலு மணிக்கே அறைக்கு வந்துவிட்டார்கள். ஆறரைக்கு நான் கதவைத் திறந்தபோது இருவரும் ஒரே கட்டிலில், அதுவும் என் கட்டிலில், பெனி இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, சிரித்து, ஹெப்சி அவள் மேல் விழுந்து சிரித்து, பெட்டி தலையணைமேல் மூடிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சிரிப்பு ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடி. “என்னட்டி?” என்றேன். “ஒண்ணுமில்லட்டி” என்றாள் பெனி. ஹெப்சி எழுந்து பாவாடையைச் சரிபண்ணிக்கொண்டு, “டீ குடிக்கியாக்கா?” என்றாள். டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது. இரண்டு நாளாக அந்த ஒரு நொடியை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், இப்போது அதற்குப் பக்கத்தில் இந்த நட்சத்திரத்தை வைத்தால் பொருந்துகிறது, செய்து வைத்த மாதிரி பொருந்துகிறது. அவர்கள் திறந்துவிட்டார்கள். பெனி தாடையை அந்தத் தோளில் வைத்துக்கொண்டு, குதி குதி என்று சொல்லிக்கொண்டு, ராஜா இருக்கிறானா என்று பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு எனக்கு டீ கொடுத்தார்கள். வருகிற ஏதோ ஒரு நாளில் என்னோடு உட்கார்ந்து அந்தக் கதவைத் திறப்பாள், ஐயையோ என்று அவள் வாயைப் பொத்துவதைக்கூட நான் இப்போதே பார்க்கிறேன், நடிப்பு அவளுக்கு நன்றாக வரும், கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று வருஷம் மரியாள். திரையில் கீழே போனேன், ஹெப்சி பெயர்மேல் நின்று அழிக்கிற பட்டனை அழுத்தினேன், அழிக்கவா என்று கேட்டது. ஆம், இல்லை. அழித்தால் என்ன? கேசட் பழையது, தானாகப் போய்விட்டது என்று சொல்லலாம், பஸ் குலுங்கியதில் கை பட்டுவிட்டது என்று சொல்லலாம், என் குரலில் சொன்னால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்கமாட்டார்கள், பாவம் சக்தி என்பார்கள். ஹெப்சி அழமாட்டாள், பரவால்லக்கா, திரும்ப ஆடிக்கிடுதேன் என்பாள், திரும்ப ஆடுவாள், திரும்ப அந்தத் தாடை. கட்டை விரல் ஆம்மேல் இருந்தது. உசிர் உள்ளதைத் தொட்ட மாதிரி அந்தப் பட்டன் சூடாக இருந்தது, என் விரல் சூடுதான் அது. இல்லை என்று அழுத்தினேன். நல்ல மனசினால் இல்லை. அவள் எங்கெல்லாம் போனாள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அழித்துவிட்டால் அதைப் பார்க்க முடியாது.

அவளுடைய பங்களாவுக்குள் போனேன். அடுத்தவள் வீட்டில் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. வரைபடத்தில் எல்லா அறையும் நீலமாகத் திறந்து கிடந்தது, நாங்கள் இரண்டு வருஷத்தில் கண்டுபிடிக்காத இரண்டு அறைகூட, மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒன்று, சமையல்கட்டு அடுப்புக்குள்ளே ஒன்று. அடுப்புக்குள்ளே யார் போவார்கள்? அவள் போயிருக்கிறாள். நாங்கள் சேர்த்து வைத்த வெள்ளிக் கத்தியை அவள் எடுக்கவேயில்லை, ஆரம்பத்தில் கிடைக்கிற துருப்பிடித்த கம்பியையே கடைசி வரை தீட்டித் தீட்டி வைத்திருக்கிறாள், அதில் ஒரே அடிக்கு எலும்புக்காரன் சிதறினான், எனக்கு மூன்று அடி வேண்டும் அவனுக்கு. ஆட்டத்தைப் பதிந்து வைக்கிற சேவ் அறைக்குள் பாட்டு நின்றது. அந்த அறையில் மட்டும் பாட்டு கிடையாது, மெழுகுவத்தி எரிகிற சத்தம் மட்டும், பயம் வெளியே நிற்கும், ஆனால் நிற்கிறது என்று தெரியும். பஸ்ஸில் அத்தனை இரைச்சலிலும் இயர்போனுக்குள் அந்த அமைதி வந்து உட்கார்ந்தது, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு இருட்டு, ஆத்தூர் வாழைத்தோப்பும் கண்டக்டர் விசிலும் அதற்கு அந்தப் பக்கம். பெரிய டிவியில் இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கையில் பிடித்திருக்கிற பயம் வேறு. சேவ் அறையை அடுத்து அந்தப் படிக்கட்டு. அதை அடுத்து அந்தக் கதவு. என் பங்களாவில் இதன் முன்னால் நான் எத்தனையோ தடவை வந்து நின்று விளக்கை ஆட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இது என் பங்களா இல்லை. அவர்கள் திறந்த கதவு, ஏற்கெனவே திறந்த கதவைத் திறந்தால் திறந்ததாகுமா? சத்தியத்தை அவள்தான் முதலில் உடைத்தாள், உடைந்த சத்தியத்தின் மேல் நான் நடப்பதில் என்ன இருக்கிறது? இவ்வளவையும் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கதவு திறந்திருந்தது, விரல் மேல் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளே ராஜா இல்லை. யாரும் இல்லாமலும் இல்லை. கையில் விளக்கோடு ஒருத்தி நின்றாள், நம்முடைய அதே அங்கி, அதே நடை, நான் குதித்தால் அவளும் குதித்தாள், நான் பதுங்கினால் அவளும். இவளுக்கு முன்னால் வந்தவள் போலிருக்கிறது. ஹெப்சியின் துருக்கம்பி அவளை நாலே நிமிஷத்தில் சாய்த்துவிட்டது, எனக்குக் கை வலிக்கக்கூட இல்லை, அதுவும் ஆத்திரமாக இருந்தது, என் சொந்தக் கத்தியோடு வந்திருந்தால் எத்தனை தடவை செத்திருப்பேன், பெனியும் நானும் மாற்றி மாற்றிச் செத்து, கூச்சல் போட்டு, சாப்பாட்டு மணி அடித்தது தெரியாமல். அப்புறம் வரைபடம் திரை முழுக்க வந்தது. நாங்கள் விளக்கேற்றிய அறைகளெல்லாம் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக இருண்டன, கோபுரம், நூலகம், கிணறு, முதல் கூடம், கடைசியில் வாசல், வாசலில் அவள், கையில் விளக்கு. அதோடு நின்றுவிட்டது. பாட்டும் இல்லை. காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, விளக்கை நாம்தான் ஊதி அணைக்க வேண்டும், அழுத்துகிற வரை அவள் அப்படியே நின்றுகொண்டிருப்பாள், எவ்வளவு நேரம் ஆனாலும். என்ன ஒரு மூளை. அழ வேண்டும் போலிருந்தது, திரும்பி யாரிடமாவது பார்த்தியா என்று கேட்க வேண்டும் போலிருந்தது, மிக்ஸி அம்மா இறங்கியிருந்தாள், அவள் இடத்தில் ஒருவரும் இல்லை. அழுத்தினேன். அணைந்தது. சேவ் செய்யவா என்று கேட்டது, இல்லை என்றேன். மறுபடி மூன்று பெயர்கள், ஒரே ஒரு நட்சத்திரம், நான் வந்துபோன சுவடே இல்லை.

ஆறுமுகநேரி தாண்டும்போது போன் அடித்தது. பெனி. எடுத்ததும், “ஏட்டி, எங்க போற? சோறு தின்னியா? ஒண்ணு சொல்லணும், நீ கோவப்படக் கூடாது” என்றாள். பின்னால் ஹெப்சி, சொல்லாத சொல்லாத என்கிறாள். “இவ ஒரு காரியம் பண்ணிட்டா சக்தி. கடைசிக் கதவத் தொறந்துட்டா. நம்ம சத்தியம் அவளுக்குத் தெரியாதுல்லா, நாந்தான் சொல்லல. வியாழக்கெழம. அவ படியேறும்போதே எனக்குத் தெரிஞ்சி போச்சி, இருந்தா பாத்துருவேன்னு மொட்ட மாடிக்கி ஓடிட்டேன் பாத்துக்கோ. காயாத துணியப் பூராவும் எடுத்து மறுபடி காயப் போட்டேன். வார்டனக்கா என்ன கிறுக்கின்னே முடிவு பண்ணிட்டா. கீழ வந்தா இந்த மூதி முடிவச் சொல்ல வாரா, நான் காதப் பொத்திக்கிட்டு ஆமென் அல்லேலூயான்னு கத்துதேன், அந்நேரம் நீ வந்து நிக்க. ஒனக்குத் தெரிஞ்சா இவகிட்டப் பேசமாட்டன்னு பயந்து ரெண்டு நாளா டீயாப் போட்டுக் குடுக்கா.” சிரித்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காது இரண்டையும் பிடித்திருந்த கை, சிவந்த முகம், அந்த ஒரு நொடி, எல்லாம் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டு வந்து நின்றன, அப்போதும் பொருந்தின, இன்னும் நன்றாகவே பொருந்தின. “அதான் சொல்லுதேன், நீ மூணாவதுல கைய வச்சிராத, தெரியாம உள்ள போய் முடிவு வந்துரும். திங்கக்கெழம நீ வந்ததும் ரெண்டு பேருமா ஒக்காந்து முடிச்சிருவோம் என்ன? எனக்கு இனிப் பொறுமை இல்லட்டி.” ம் என்று சொன்னால் போதும். ஐயையோ என்று வாயைப் பொத்த எனக்குக்கூட வரும், திங்கட்கிழமைக்குள் கண்ணாடியைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம், சுவடு இல்லை, யாருக்கும் தெரியாது, அவள் தாடை என் தோளில் இருக்கும், ராஜா இல்லையே என்பாள், விளக்கை ஊதுகிற நேரத்தில் என் முகத்தைப் பார்ப்பாள். என் முகத்தைப் பார்ப்பாள். “நான் பாத்துட்டேன் பெனி” என்றேன். “என்னது? சத்தமாச் சொல்லுட்டி, பஸ் சத்தம்.” “பாத்துட்டேன். இப்பம். ஹெப்சியோடதுல போய். நீ பாத்துட்டன்னு நெனச்சேன்.” முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தம் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. அந்தப் பக்கம் மின்விசிறி கடகடக்கிற சத்தம் கேட்டது, எங்கள் அறை விசிறி. “எப்பிடி இருந்துச்சி?” என்றாள் கடைசியில். நல்லா இருந்துச்சி, ரொம்ப நல்லா இருந்துச்சி, நீ இல்லாம என்று தொடங்கினேன், எதைச் சொல்ல வந்தேன் என்று தெரியவில்லை. “வேண்டாம், சொல்லாத” என்றாள் அவள், கோபமே இல்லாமல், நாளைக்கு யார் தண்ணீர் பிடிப்பது என்று முறை வைக்கிற மாதிரி, “நீ திங்கக்கெழம கொண்டுட்டு வா. நான் ஹெப்சிகூட ஒக்காந்து பாத்துக்கிடுதேன்.”